பயந்தவன் கையில் கொடுத்த டப்பா

டில்லிபாபுவுக்குப் பயம் இல்லாத பொருள் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கிற பிரஸ் ஷாப்பின் மூன்றாம் நம்பர் மெஷின். மற்றபடி இடி பயம், நாய் பயம், ஊசி பயம், லிஃப்ட் பயம். செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் திறக்கப்போகிறார்கள் என்று டிவியில் சொன்னால் போதும், அந்தத் தண்ணீர் எட்டிப் பார்க்காத மணிமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றிவிடுவான். அவன் பெண்டாட்டி கங்கா தினமும் திட்டி இறக்குவாள்.

நான் பகலவன். அதே கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறேன். மணிமங்கலத்திலிருந்து ஒரகடம் வரை கம்பெனி பஸ்ஸில் அவனும் நானும் ஒரே சீட். பஸ் படப்பை தாண்டுவதற்குள் அன்றைக்கு என்னென்ன ஆகலாம் என்று அவன் ஒரு சுற்றுப் பயந்து முடித்துவிடுவான். கேட்கிறவனுக்குச் சிரிப்பு வரும், சமயத்தில் எரிச்சலும் வரும். ஆனால் கம்பெனி வாசலுக்குள் போய் மூன்றாம் நம்பர் முன்னால் நின்றுவிட்டால் ஆள் மாறிவிடுவான்.

அந்த மெஷினைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார் சீட்டுக்கு அடியில் போகிற இரும்புத் துண்டை வளைக்கிற மெஷின் அது. கீழே அச்சு, மேலே ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கட்டி. தகட்டை அச்சின்மேல் வைத்தால் கட்டி இறங்கி ஒரே அடியில் வளைத்துவிடும். முன்பக்கம் இந்தக் கோடியில் ஒரு பட்டன், அந்தக் கோடியில் ஒரு பட்டன். இரண்டையும் இரண்டு உள்ளங்கையால் சேர்த்து அழுத்தினால்தான் அடி விழும். இரண்டு கையும் வெளியே இருக்கும்போது கை நசுங்க வழியே இல்லை. மெஷினைச் செய்தவன் புத்திசாலி.

எங்கள் ஆட்கள் அவனைவிடப் புத்திசாலிகள். இடது பட்டனில் ஒரு தக்கையைச் செருகி, அழுத்தியபடியே நிற்க வைத்துவிடுவார்கள். அப்புறம் வலது கை தட்டிக்கொண்டே இருக்கும், இடது கை உள்ளே தகடு வைத்துக்கொண்டே இருக்கும். வேலை பறக்கும். தக்கை இல்லாமல் டார்கெட்டைத் தொட முடியாது. அது சூப்பர்வைசர் மாரிராஜுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை.

ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் சொந்தத் தக்கை. டில்லிபாபுவுடையது பழைய ஹவாய் செருப்பின் ரப்பர். பக்கத்து மெஷின் கோதண்டத்துடையது மாங்கட்டையில் சீவியது. மனுஷர் அதற்கு எண்ணெய்கூடப் போடுவார். ஆயுத பூஜைக்கு மெஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது தக்கைக்கும் ஒரு பொட்டு உண்டு. காலையில் தக்கையைச் செருகியதும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் முதல் தட்டு தட்டுவார்கள். எது தங்கள் கையைக் காவு வாங்கப் பார்க்கிறதோ அதையே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கைதான்.

ஆடிட் வருகிற அன்று மட்டும் தக்கைகள் காணாமல் போகும். மாரிராஜ் ஒரு பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு மெஷின் மெஷினாகப் போய் உண்டியல் மாதிரி வசூல் செய்வார். டப்பாவை டில்லிபாபு கையில் கொடுத்து லாக்கரில் வைக்கச் சொல்வார். மாரிராஜ் திருநெல்வேலிக்காரர்.

“பயந்தவன் கையில குடுத்தாத்தாம்ல பத்திரமா இருக்கும்” என்பார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் செல்லக்கனி வந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துப் பெண், முப்பது முப்பத்திரண்டு வயசு இருக்கும். இன்ஸ்டலேஷன் ஆர்ட்டிஸ்ட் என்று எச்ஆர் ஆள் அறிமுகம் செய்தார். எங்களுக்கு இன்ஸ்டலேஷன் என்றால் லாரியிலிருந்து மெஷினை இறக்கி போல்ட் போடுவது. “எந்த மெஷினும்மா?” என்று கோதண்டம் அக்கறையாகக் கேட்டார். அவள் சிரித்துவிட்டு, “பழைய கிளவுஸ் வேணும் அண்ணாச்சி, எவ்வளவு அழுக்கா இருந்தாலும் சரி” என்றாள். நாங்கள் போட்டுக் கழித்த நூல் கையுறைகளை மூட்டை மூட்டையாக வாங்கிப் போனாள். மெஷின் சத்தத்தையும் ஒரு கருவியில் பிடித்துக்கொண்டாள். ஒரகடத்தில் காலியாகக் கிடந்த ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், வேலை முடிந்ததும் எல்லோரையும் குடும்பத்தோடு கூப்பிடுவதாகவும் சொன்னாள்.

சொன்னபடி ஒரு ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டாள். டில்லிபாபு வரமாட்டேன் என்றான். கங்கா விடவில்லை. நாங்கள் எல்லோரும் சமோசாவைக் கடித்துக்கொண்டே ஷெட்டுக்குள் போனோம்.

 கூரையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்புகளில் எங்கள் கையுறைகள் தொங்கின. வெறும் உறைகள் இல்லை. மெழுகில் தோய்த்து, உள்ளே கை இருப்பதுபோலப் புடைத்து, விரல்கள் மடங்கி நின்றன. அழுக்கும் கிரீஸும் ஓட்டைகளும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் சின்னதாக ஒரு விளக்கு. எல்லாமே இடது கை. ஓரத்தில் எங்கிருந்தோ எங்கள் பிரஸ்ஸின் சத்தம் வந்தது. டம். ஒரு கையில் விளக்கு அணைந்து, அது நரம்பிலிருந்து கழன்று கீழே இரும்புத் தகட்டின்மேல் விழுந்தது. கொஞ்ச நேரம் எதுவும் நடக்கவில்லை. அடுத்தது எது என்று எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றோம். டம். இன்னொன்று விழுந்தது.

டில்லிபாபு தன் கையுறைகளின் மணிக்கட்டில் பேனாவால் ஒரு மீன் வரைந்துவைப்பான், யாரும் மாற்றிப் போட்டுக்கொண்டு போகாமல் இருக்க. அந்த மீனை அவன் பார்த்துவிட்டான். அவன் கை, அவன் தலைக்கு நேர் மேலே. அதையே வெறித்துக்கொண்டு நின்றான். நான் தோளைத் தொட்டேன். அவன் திரும்பவில்லை.

டம். மீன் போட்ட கை அவன் காலடியில் விழுந்தது.

“வூட்டுக்குப் போலாம், வா. இப்பவே வா” என்று கங்காவை இழுத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மறுநாள் பஸ்ஸில் அவன் வாயைத் திறக்கவில்லை. பயத்தை வாயால் கொட்டுகிறவன் பேசாமல் வந்ததை அன்றுதான் பார்த்தேன். ஷாப்புக்குப் போனதும் செருப்பு ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டான். தகட்டை வைப்பது, கையை வெளியே எடுப்பது, இரண்டு பட்டனையும் அழுத்துவது என்று விதிப்படி வேலை செய்தான். மதியத்துக்குள் அவன் மெஷின் மட்டும் பின்தங்கிவிட்டது. அடுத்த மெஷின்காரர்கள் தகட்டுக்காகக் காத்துக்கொண்டு அவனைக் கேலி செய்தார்கள். மாரிராஜ் வந்தார்.

“ஏல டில்லி, என்னல ஆச்சு ஒனக்கு? பொம்மை பாத்துட்டு வந்து பேய் அடிச்சவன் மாதிரி நிக்க?”

“பயமா கீதுண்ணா.”

“எதுக்குல பயம்? பதினாலு வருசமா ஓட்டுன மெஷினு. இங்க பாரு, வாசல்ல தெனமும் எத்தன பேரு வேல கேட்டு நிக்கான் தெரியும்லா? தக்கைய வச்சு ஓட்ட முடிஞ்சா ஓட்டு. முடியலன்னா சொல்லு, ஆளு மாத்திருதேன்.”

டில்லிபாபு கான்ட்ராக்ட் ஆள். பதினாலு வருஷமும் கான்ட்ராக்ட்தான். அவனை எடுக்க ஒரு வாய் வார்த்தை போதும். வீட்டில் படிக்கிற பிள்ளைகள், கட்டி முடிக்காத மாடி. இரண்டு நாள் தாக்குப் பிடித்தான். மூன்றாம் நாள் தக்கையைச் செருகினான், கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

பயம் இல்லாமல் உள்ளே போய் வந்த கைக்கும் பயத்தோடு போகிற கைக்கும் வித்தியாசம் உண்டு. பயந்த கை தயங்கும். தயங்கினால் தாளம் தப்பும். நான் இரண்டு மெஷின் தள்ளி நின்று அளவு பார்த்துக்கொண்டிருந்தேன். “அய்யோ” என்ற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் டில்லிபாபு இடது கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நிற்கிறான்.  ஓடிப்போய்க் கையைப் பிரித்தேன். விரல்கள் ஐந்தும் இருந்தன. கையுறையின் நடுவிரல் நுனி மட்டும் இல்லை. அச்சின்மேல் வளைந்த தகட்டோடு ஒட்டிக்கொண்டு ஒரு துணுக்குத் துணி இருந்தது.

அவன் கழிவறைக்குப் போய் உட்கார்ந்தவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளிருந்து விரல்களை ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

அன்று ஷிஃப்ட் முடிந்து அவன் பஸ் ஏறவில்லை. செல்லக்கனியின் ஷெட்டுக்குப் போகவேண்டும், நீயும் கூட வா என்றான். தன் கையுறையை அங்கே தினமும் கீழே போடுவதால்தான் இங்கே இப்படி ஆகிறது என்று எவனோ சொல்லிவிட்டான், இவனும் நம்பிவிட்டான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள். போனோம்.

செல்லக்கனி ஏணிமேல் நின்று விழுந்த கைகளைத் திரும்பத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தாள். இவன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொல்லி, நுனி போன கையுறையைக் காட்டினான். அவள் ஏணியிலிருந்து இறங்கி வந்து அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. மறுபேச்சுப் பேசாமல் மீன் போட்ட கையைத் தேடி எடுத்து அவனிடம் கொடுத்தாள்.

“மன்னிச்சிருங்க அண்ணாச்சி. நான் ஒங்களப் பயமுறுத்தணும்னு செய்யல.”

“அப்பறம் இன்னாத்துக்குமா செஞ்ச?”

“எனக்குப் பயமா இருந்துச்சு. ஒங்க ஷாப்புக்கு வந்த அன்னைக்கு ஒவ்வொருத்தர் கையும் உள்ள போயிட்டுப் போயிட்டு வருது. யாரு மூஞ்சிலயும் பயமே இல்ல. எனக்கு மட்டும் அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அந்தப் பயத்த எங்க வைக்கன்னு தெரியாமத்தான் இங்க கொண்டாந்து தொங்கவிட்டேன். இப்பவும் சுவிட்சப் போடும்போது கண்ண மூடிக்கிடுவேன்.”

டில்லிபாபு அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். படித்தவள், பேப்பரில் படம் வருகிறவள், தனக்குப் பயம் என்று இவ்வளவு வெளிப்படையாகச் சொன்னது அவனுக்குப் புதிதாக இருந்தது. வீட்டிலும் கம்பெனியிலும் அவன் பயத்துக்குச் சிரிப்புதான் கிடைத்திருக்கிறது. தொங்குகிற கைகளை இந்தத் தடவை ஓடாமல் நின்று பார்த்தான். சுற்றிச் சுற்றி வந்தான். பிறகு கேட்டான்.

“இந்த மெழுவு எப்பிடிமா ஏத்துன?”

கையுறையில் மணலை நிரப்பி, விரல்களை வேண்டியபடி வளைத்து, உருக்கிய மெழுகில் முக்கி எடுத்து, இறுகியதும் மணலைக் கொட்டிவிட வேண்டும். அவள் ஒன்றைச் செய்து காட்டினாள். இவன் ஒன்றைச் செய்தான். அவள் அதன் கட்டை விரலைக் கொஞ்சம் நிமிர்த்தினாள். அந்த நேரம் அவன் முகத்தில் இருந்ததை நான் பஸ்ஸில் ஒரு நாளும் பார்த்ததில்லை. பயம் அப்படியேதான் இருந்தது, ஆனால் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது.

எங்கள் கம்பெனியில் மார்ச் மாதம் பாதுகாப்பு வாரம் கொண்டாடுவார்கள். கவிதை, வாசகம், ஓவியப் போட்டி. எல்லோரும் ஹெல்மெட் போட்ட மனுஷனை வரைவார்கள். ஹாட்பாக்ஸ் பரிசு கிடைக்கும். அந்த வருஷம் டில்லிபாபு பெயர் கொடுத்தான். கடையிலிருந்த மெழுகுவத்தியையெல்லாம் வாங்கி வீட்டில் உருக்கினான்.

“கொயம்பு வெக்கற சட்டிய நாசம் பண்ணிட்டியே, உனக்கு இன்னாய்யா ஆச்சு?” என்று கங்கா கத்தியது தெருவுக்கே கேட்டது. ஆனால் நுனி போன கையுறையை அவன் அவளிடம் காட்டிய பிறகு அவள் கத்தவில்லை. மணல் சலித்துக் கொடுத்தாள்.

ஒரு பலகையின்மேல் மெஷினுக்கு ஒன்றாக இடது கைகள். ஒவ்வொன்றும் அந்தந்த ஆபரேட்டர் போட்டுக் கழித்தது. உள்ளங்கை மேலே பார்த்து, எதையோ வாங்கிக்கொள்ள நீட்டியதுபோல இருந்தன. விழாவுக்கு முந்தின நாள் கொண்டுவந்து வைத்தபோது மாரிராஜே, “நல்லாருக்குல, சாமி பிரசாதம் வாங்குத மாதிரி” என்றார்.  அந்தக் கைகள் எதற்காக நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று டில்லிபாபு என்னிடம்கூடச் சொல்லவில்லை. நினைத்ததைச் செய்வோமா மாட்டோமா என்று அவனுக்கே தெரியாமல் இருந்திருக்கும்.

அந்த வருஷம் விழாவைப் பிரஸ் ஷாப்பிலேயே வைத்தார்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டிச் சிவப்புச் சீட்டு மாட்டியாகிவிட்டது. பிளான்ட் ஹெட் ராஜசேகர் வருகிறார், கூடவே வாடிக்கைக் கம்பெனி ஆட்களும் வருகிறார்கள். வழக்கம்போல மாரிராஜ் பெயின்ட் டப்பாவோடு வசூலுக்குப் போனார். வழக்கம்போல டப்பா டில்லிபாபு கைக்கு வந்தது. அவன் லாக்கர் பக்கம் போனதை நான் பார்த்தேன். திரும்பி வரும்போதும் டப்பா கையிலேயே இருந்தது.

ராஜசேகர் உள்ளே நுழையும்போது நான் பலகையைப் பார்த்தேன்.  ஒவ்வொரு கையிலும் ஒரு தக்கை உட்கார்ந்திருந்தது. ரப்பர், மாங்கட்டை, டேப் சுற்றிய அட்டை, மடக்கிய தகரம். ஆயுத பூஜைப் பொட்டின் தடம் சிலதில் இன்னும் இருந்தது. ஆபரேட்டர்கள் ஒவ்வொருவராகப் பார்த்தார்கள்.  மாரிராஜ் பார்த்தபோது ராஜசேகர் ஏற்கெனவே பலகைமுன் நின்றுவிட்டார். டில்லிபாபு பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தான். 

“பிரமாதமா இருக்கே. கையில இது என்ன?” என்று ராஜசேகர் கோதண்டத்தின் மாங்கட்டையை எடுத்து உயர்த்திப் பார்த்தார்.

முன்வரிசையில் நின்ற கோதண்டம் பழக்க தோஷத்தில், தன் தக்கையைக் கண்டதும் இரண்டு கையையும் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எல்லோரும் பார்த்தார்கள். ராஜசேகரும் பார்த்தார்.

“என்னங்க, சாமியா இது?”

“சாமி இல்ல சார், மெஷினுது” என்றார் கோதண்டம். சொன்ன பிறகுதான் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாரிராஜ் குறுக்கே பாய்ந்தார். “அது ஒண்ணுமில்ல சார். அச்சு மாத்திச் செட்டிங் போடும்போது பட்டன்ல சும்மா வைக்கது. ஆபத்தே கெடையாது சார்.”

டில்லிபாபு பலகையை விட்டான். மீன் போட்ட கையிலிருந்து தன் செருப்பு ரப்பரை எடுத்தான். மூன்றாம் நம்பருக்கு நடந்து போய் இடது பட்டனில் அதைச் செருகினான். திரும்பியபோது அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

“ஆபத்து இல்லன்னா நீ கைய வைண்ணா” என்றான்.

“எங்கல?”

“உள்ள. நான் வெக்கற எடத்துல.”

மாரிராஜ் சிரிக்கப் பார்த்தார். ராஜசேகரைப் பார்த்தார். ராஜசேகர் மாங்கட்டையைக் கையில் வைத்தபடி மெஷினைப் பார்த்தார். மாரிராஜ் மெஷின் முன்னால் வந்து இடது கையை நீட்டினார். கை அச்சின் விளிம்பு வரை போனது. மேலே அந்த இரும்புக் கட்டி எண்ணெய் மினுங்க நின்றுகொண்டிருந்தது. கை நின்றது, பின்னால் வந்தது. மறுபடி போனது, மறுபடி வந்தது. அவர் நெற்றியில் வேர்த்துவிட்டது.

“மெயின் ஆஃப்ல கீதுண்ணா” என்றான் டில்லிபாபு. 

“தெரியும்ல.”

“அப்பறம் இன்னா?”

மாரிராஜ் கையை இழுத்து அக்குளுக்குள் வைத்துக்கொண்டார். அந்தப் பெரிய மனுஷனின் குரல் அவ்வளவு சின்னதாகி நான் கேட்டதில்லை.

“எனக்கு ரெண்டு புள்ளையள் இருக்குல்லா டில்லி.”

“எனக்கும் ரெண்டுதாண்ணா” என்று டில்லிபாபு அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

ராஜசேகர் போய்ப் பட்டனிலிருந்து அந்த ரப்பரைப் பிடுங்கினார். பிறகு, தக்கைக்கு ஏமாறாத பட்டன் வரும்வரை மெயினை யாரும் தொடக்கூடாது என்றார். டார்கெட் என்று யாரோ முனகினார்கள். அவர் காதில் வாங்கவில்லை.

டில்லிபாபு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“சார், நான் நாளைக்கு வேலைக்கு வரலாமா?”

“வாங்க” என்றார் அவர்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் ‘வாங்க’ என்று சொன்னது கோபத்திலா நல்ல விதமாகவா என்று படப்பை வரை கேட்டுக்கொண்டே வந்தான். நல்ல விதமாகத்தான் என்று ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.